கிறிஸ்துமஸ் வேலை, எட்டுக் கோழி, ஒரு பை நூல்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பின்னல்காரி (டிசம்பர் 6)

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கிராமம். ஏழு பெட்டை, ஒரு சேவல், எல்லாம் நாட்டுக்கோழி. இந்த வருடம் கடையில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கப் போவதில்லை, நட்சத்திரம், மணி, தேவதூதன் எல்லாவற்றையும் நானே குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) பின்னி மாட்டுகிறேன் என்று அக்டோபரிலேயே வீட்டில் வாய்விட்டேன். இப்போது டிசம்பர் 6, மொத்தம் பதினோரு நட்சத்திரம்தான் முடிந்திருக்கிறது, அதிலும் இரண்டைக் கோழி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பிரச்சினை என்னவென்றால், மழைக்காக நான் திண்ணையில் உட்கார்ந்துதான் பின்னுகிறேன், கோழிகளும் மழைக்காக அதே திண்ணைக்குத்தான் வருகின்றன. துண்டு நூல் கீழே விழுந்தால் புழு என்று நினைத்து முழுங்குகின்றன. போன வாரம் சிவப்பிக்கு வாயிலிருந்து அரை சாண் சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது, நான் பயந்துபோய் மெதுவாக இழுத்தேன், வந்துவிட்டது, ஆனால் அது சரியா என்று தெரியவில்லை.

அடுத்தது கிறிஸ்துமஸ் குடில். புல்லுக்காகத் தட்டில் நெல்லும் கேழ்வரகும் முளைக்கப் போட்டிருந்தேன், விரல் நீளம் வந்ததும் ஒரே காலையில் மொட்டை. குடிலுக்கு வைத்திருந்த வைக்கோலில் கருப்பி போய் உட்கார்ந்து முட்டையும் இட்டுவிட்டது, விரட்டினால் திரும்பத் திரும்ப அங்கேதான் வருகிறது.

முட்டையும் குறைந்துவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் நாளைக்கு நாலைந்து, இப்போது ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கேக்குக்குச் சொந்த முட்டைதான் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இதற்கு நடுவில் மாமியார் சேவலை 25ஆம் தேதிக் கறிக்குக் கண் வைத்திருக்கிறார், பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்கு யாரிடமும் பதில் இருக்காது, தெரியும். மற்றதற்குச் சொல்லுங்கள்.

கூண்டுக்காரன் (தூத்துக்குடி)

அக்கா, முதலில் நூல் விஷயம். இனிமேல் இழுக்காதீர்கள். இந்த முறை தப்பியது அதிர்ஷ்டம். ஒரு முனை நாக்கில் சுற்றியிருக்கலாம், இல்லை உள்ளே கல்லீரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அரைவைப் பைவரை போயிருக்கலாம், இழுத்தால் உள்ளே அறுத்துவிடும். வெளியே தொங்குவதை மட்டும் கத்தரித்துவிட்டு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தினமும் காலையில் தீனி போடுவதற்கு முன் சிவப்பியின் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி தின்றது காலைக்குள் இறங்கிக் காலியாகத் தொளதொளவென்று இருக்க வேண்டும். உருண்டையாகக் கெட்டியாக இருந்தால் நூல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலையும் பாருங்கள், விரல் இடுக்கில் நூல் சுற்றி இறுகினால் அந்த விரலே கறுத்து விழுந்துவிடும், எனக்கு ஒரு குஞ்சு அப்படி நொண்டியாகிப் போனது. அது தையற்காரர் வீட்டு நூல்.

முட்டை குறைவதற்குக் கோழியைத் திட்டாதீர்கள். நன்றாக முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். உங்கள் ஊரில் டிசம்பர் கடைசியில் பகலே சுமார் 11 மணி 40 நிமிடம்தான், அதிலும் பாதி நாள் மேகம். இறகு உதிர்கிற கோழியாக இருந்தால் தின்கிற சத்தெல்லாம் இறகுக்கே போய்விடும். கூட்டில் ஒரு சின்ன பல்பை விடியற்காலை நாலு மணிக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், இந்தக் கேக்குக்கு உதவாது. இருக்கிற முட்டையைக் கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி சேர்த்து வையுங்கள்.

அடைக்கோழிக்கு இன்றைக்கு முட்டை வைத்தால் 21 நாள், 27ஆம் தேதிதான் பொரியும். இந்த ஈரத்தில் குஞ்சைக் காப்பாற்றுவது பெரும்பாடு, விடுங்கள். வைக்கோல் இல்லாமல், அடியில் காற்று போகிற கம்பிக் கூண்டில் தண்ணீரும் தீனியும் வைத்து மூன்று நாலு நாள் விட்டால் அடை தெளிந்துவிடும். மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். பண்டிகைக்கென்று சந்தையில் வாங்கும் கோழியை உங்கள் கோழிகளோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அப்படித்தான். கூட்டுத் தரை ஈரமாக இருந்தால் ரத்தக்கழிச்சல் வேறு. உமியையோ தேங்காய் நார்க்கழிவையோ தினமும் கிளறிவிட்டு, கட்டி பிடித்ததை அள்ளி வெளியே போடுங்கள்.

குளிர்கை (குன்னூர்)

இங்கே காலையில் புல்லில் உறைபனி, நான் ஸ்வெட்டர் பின்னுகிறவள், உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து பின்ன முடிகிறதே!

எனக்கு வழிக்கு வந்தது ஒரே ஒரு விஷயம்தான். மூடி போட்ட தூக்குவாளியில் நூல் உருண்டை, மூடியில் ஒரு ஓட்டை, நூல் அந்த ஓட்டை வழியாக மட்டும் வெளியே வரும். வெட்டுகிற துண்டு எதுவானாலும் கழுத்தில் தொங்குகிற சின்னப் பைக்குள். மடியில் வைத்தால் எழுந்திருக்கும்போது கொட்டும்.

பதினோரு நட்சத்திரத்துக்கு இரண்டு மாதம் என்றால் நீங்கள் பெரிய டிசைன் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதைப் போட்டுப் பாருங்கள் (டபுள், சிங்கிள், செயின், ஸ்லிப் எல்லாம் குரோஷா தையல் பெயர்கள்): வளையத்துக்குள் 10 டபுள் குரோஷா போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு 4 செயின், கொக்கியிலிருந்து இரண்டாவது செயினில் சிங்கிள், அடுத்ததில் ஹாஃப் டபுள், அதற்கடுத்ததில் டபுள், கீழே ஒரு தையலைத் தாண்டி அடுத்த தையலில் ஸ்லிப். இதையே ஐந்து முறை செய்தால் ஐந்து முனை. கை பழகிவிட்டால் ஒன்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வாசலில் மாட்டுவதற்கு அக்ரிலிக் நூல் போதும், மழையில் நனைந்தாலும் அதிகம் தண்ணீர் குடிக்காது. உள்ளே கிறிஸ்துமஸ் மரமாக வைக்கிற சவுக்குக் கிளையில் தொங்கவிடுவதற்குப் பருத்தி.

லேஸ்பாட்டி (நாகர்கோவில்)

மக்களே, பருத்தி நட்சத்திரம் துவண்டு தொங்கினால் சர்க்கரைத் தண்ணீரில் முக்கச் சொல்லுவார்கள், கேட்காதே. நான் ஒரு வருடம் செய்து, காலையில் மரம் முழுக்க எறும்பு, அதைப் பொறுக்கக் கோழி மரத்தின் மேல் ஏறி, மரம் குடிலின் மேல் விழுந்து, மேரியம்மாள் சிலையின் கை போனது. ஜவ்வரிசிக் கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சி வடிகட்டி அதில் முக்கிப் பிழி. பழைய தலையணையில் வெள்ளைத்துணி விரித்து, முனை முனையாகக் குண்டூசி குத்தி இழுத்து வை. இந்த மழைக்கு வெயிலை நம்பாதே, ஃபேனுக்குக் கீழே ஒரு ராத்திரி வைத்தால் அப்பளம் மாதிரி நிற்கும். குண்டூசியை எண்ணிக் குத்து, எண்ணி எடு. கோழி நூலை மட்டும் முழுங்குவதில்லை.

தலையணை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர் லேஸ் குரோஷா இல்லை, தலையணையில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார் தொடங்கிவைத்தது. லேஸ் விற்ற காசைக் கொடுத்து அடிமையாக இருந்த பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள். மார்த்தா அம்மையாரின் மகள் எலைசாதான் தமிழறிஞர் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போய் அங்கேயும் சொல்லிக்கொடுத்தார். அதனால் "பொழுதுபோக்குக்குப் பின்னுகிறேன்" என்று யாராவது சொன்னால் என் அம்மாவுக்குக் கோபம் வரும்.

கருப்பியை விரட்டாதே, அது இடத்தைப் பிடித்துவிட்டது. அதே வைக்கோலில் பாதியை ஒரு பழைய கூடையில் போட்டு, இருட்டான மூலையில் வைத்து, அதில் ஒரு முட்டையை விட்டுவை. குடிலில் வைக்கோலுக்குப் பதில் 24 சாயந்திரம் வரைக்கும் சவுக்கு இலை போடு, குத்தும், உட்காராது. நெல்லை மறுபடி 14ஆம் தேதி ஊறவைத்து மொட்டைமாடியில் போடு, பத்து நாள் போதும்.

கேக்குக்கு ஒரு கணக்கு: கடை முட்டை ஒன்று சுமார் 55 கிராம், நம் கோழி முட்டை 40தான் வரும். ஆறு என்று எழுதியிருந்தால் எட்டு உடை. இல்லாவிட்டால் கேக் வரட்டியாகிவிடும், கோழிக்கே போடலாம்.

கூண்டுக்காரன்

பாட்டி சொன்னதோடு இன்னொன்று. 24 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்கள் பக்கம் வெடி போடுவார்கள் அல்லவா, கூட்டைச் சாக்குப் போட்டு மூடிவிடுங்கள், காற்றுக்கு மட்டும் ஒரு பக்கம் விட்டுவிட்டு. மிரண்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். சீரியல் பல்பு ஒயரைக் கொத்து எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

முந்தைய பதிவில் ஒரு தப்பு, அரைவைப் பை கல்லீரல் பக்கம் என்று எழுதியது குழப்பும், தீனிப்பைக்கு அப்புறம் வருகிற கெட்டியான பை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பின்னல்காரி (டிசம்பர் 22)

எல்லாருக்கும் நன்றி. சிவப்பி நன்றாக இருக்கிறது, தீனிப்பையைத் தொட்டுத் தொட்டு இப்போது என்னைப் பார்த்தாலே ஓடுகிறது. தூக்குவாளி அருமை, ஆனால் சாப்பாட்டுக்கு இருந்த ஒரே தூக்குவாளி அது. கருப்பி கூடைக்கு வர நாலு நாள் ஆனது, சவுக்கு இலையில் ஒரு நாள் உட்கார்ந்தே பார்த்தது.

நட்சத்திரம் 46. கஞ்சி போட்டதில் நாலைந்தில் ஜவ்வரிசிக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பனி விழுந்த மாதிரி இருக்கிறது என்று சின்னவன் சொன்னதால் விட்டுவிட்டேன். சொந்த முட்டை ஆறுதான் சேர்ந்தது, இரண்டு பக்கத்து வீட்டில் வாங்கினேன், அவர்களும் கோழி வளர்க்கிறவர்கள்தான், பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அச்சு முறுக்கு நாளைக்கு.

சேவலுக்குப் பதிலாக இரண்டு கிலோ கறி கடையில் சொல்லியாகிவிட்டது. மாமியார் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.