பிராந்திய விமான நிறுவன நேர்காணல்: எதிரே அமர்ந்தவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்)

வால்காற்று

பிராந்திய விமானச் சேவையில் துணை விமானி பணிக்காக மூன்று முறை நேர்காணலுக்குச் சென்றேன். மூன்றாவது முறைதான் வேலை கிடைத்தது. முதல் இரண்டு முறையும் நான் தோற்றது இரவு பகலாகப் படித்த பாடங்களில் அல்ல என்பதால், அடுத்து வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் நேர்காணலில் மூத்த கேப்டன் ஒருவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பறந்த நேரங்களைப் பதியும் லாக்புக்கைத் திறந்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினார். ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தி, "இந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது 1.2 மணி நேரம் கூடியிருக்கிறதே, எப்படி?" என்று கேட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது. பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில்தான் பதிவுகளைச் சரிபார்ப்பார்கள், அங்கே நேர்ந்த பிழையாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டுவிட்டு, "பக்கத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது?" என்றார். என்னுடையதுதான். அதன் பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். ஆனால் முடிவு அந்தக் கேள்வியிலேயே எழுதப்பட்டுவிட்டது என்றே இன்றுவரை நினைக்கிறேன். லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை கூட்டிப் பார்க்க ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாளை நான் செலவிடவில்லை.

மூன்றாவது முறை தொழில்நுட்பக் கேள்விகள் கடினமாகவே இருந்தன. வி1 என்றால் என்ன என்று கேட்டார்கள். "புறப்படுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் வேகம்" என்றேன். "அந்த வேகத்தில் யோசிக்கத் தொடங்கலாமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. கூடாது, நிறுத்துவதென்றால் அதற்கான முதல் செயல் வி1-க்குள் தொடங்கியிருக்க வேண்டும், முடிவு அதற்கும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டேன். ஓடுபாதை ஈரமாக இருந்தால் என்ன மாறும் என்று தொடர்ந்தார்கள். இயந்திரம் ஒன்று பழுதான நிலையில் ஓடுபாதையின் முடிவைக் கடக்க வேண்டிய உயரம் 35 அடியிலிருந்து 15 அடியாகக் குறைத்து எடுத்துக்கொள்ளப்படும் என்பது வரை சென்றோம்.

அதன் பிறகு மனக்கணக்கு. "17,000 அடியில் இருக்கிறீர்கள். வழிகாட்டி நிலையத்துக்கு மேலே வரும்போது 2,000 அடியில் இருக்க வேண்டும். தரைவேகம் 240 நாட். எங்கே இறங்கத் தொடங்குவீர்கள், எந்த வீதத்தில்?" ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்ற கணக்கில் 45 கடல் மைல் என்றும், தரைவேகத்தை ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 1,200 அடி என்றும் உடனே சொன்னேன். உள்ளூரச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது. கேட்டவர், "சரி, அப்படியே இறங்கினால் நிலையத்தின் மேல் எத்தனை அடியில் இருப்பீர்கள்?" என்றார்.

நான் அதுவரை இரண்டு சூத்திரங்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்ததே இல்லை. 240 நாட் என்றால் மணிக்கு 240 கடல் மைல், அதாவது நிமிடத்துக்கு 4 மைல். 45 மைலுக்கு 11 நிமிடமும் 15 விநாடியும் ஆகும். 1,200 அடி வீதத்தில் 13,500 அடிதான் இறங்கியிருப்பேன். ஆக, 3,500 அடியில் இருப்பேன். இதைத் தாளில் எழுதாமல் வாய்விட்டே கணக்கிட்டு, "1,500 அடி உயரமாக இருப்பேன். முதலில் சொன்ன விடை தவறு. வீதத்தை 1,300-க்கு மேல் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து மைல் முன்னதாகவே தொடங்க வேண்டும். வேகத்தைக் குறைக்கவும் தூரம் தேவைப்படும் என்பதால் முன்னதாகத் தொடங்குவதையே தேர்ந்தெடுப்பேன்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே கேப்டனுடன் பறந்தபோது, முதல் விடையைச் சரியாகச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியால் தங்களுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

குறுக்குக்காற்று

சிமுலேட்டர் தேர்வைப் பற்றி நான் எழுதுகிறேன். பெரும்பாலும் நாம் ஓட்டிப் பழகாத விமானத்தில்தான் அமர்த்துவார்கள். எங்களுக்கு இரட்டை டர்போபுராப் (டர்பைன் இயந்திரத்தால் புரொப்பல்லரைச் சுழற்றும்) விமானத்தின் சிமுலேட்டரைக் கொடுத்தார்கள். தேவையான வேகங்களும் சக்தி அளவுகளும் அடங்கிய ஒரு தாளைத் தந்து இருபது நிமிடம் படிக்கச் சொன்னார்கள். அதுவரை ஒற்றை இயந்திரப் பயிற்சி விமானத்திலேயே அதிக நேரம் பறந்திருந்த எனக்கு, சக்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் மூக்கு பக்கவாட்டில் இழுக்கும் அந்தப் பழக்கம்தான் பெரும் தொல்லையாக இருந்தது. கை எதைச் செய்தாலும் கால் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். என் வலது முழங்கால் நடுங்கியது எனக்கே தெரிந்தது.

தானியங்கி இயக்கமும் பறப்பு வழிகாட்டிக் கம்பிகளும் அணைக்கப்பட்ட நிலையில், வெறும் கருவிகளைப் பார்த்துப் பறக்கச் சொன்னார்கள். புறப்பாடு, 45 பாகைச் சாய்வில் இரண்டு திருப்பங்கள், காத்திருப்புச் சுற்று, ஐஎல்எஸ் அணுகுமுறை (ஓடுபாதையின் திசையையும் இறங்கு சரிவையும் ரேடியோ சமிக்ஞையால் காட்டும் இரண்டு ஊசிகளைப் பின்பற்றித் தரையிறங்க நெருங்குவது), ஓர் இயந்திரம் பழுதான நிலையில் கோ-அரவுண்ட் (தரையிறங்காமல் மீண்டும் மேலேறுவது) என்பதே வரிசை. முதல் திருப்பத்திலேயே 250 அடி இழந்தேன். அந்தக் கணத்தில் மனம் "போச்சு" என்று முடிவு கட்டிவிட்டது; அப்படியே விட்டிருந்தால் அடுத்த திருப்பமும் போயிருக்கும். "உயரம் குறைகிறது, சரிசெய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிச் சாய்வைச் சற்றுக் குறைத்து, மூக்கைத் தூக்கி, உயரத்தை மீட்ட பிறகே மறுபடி 45 பாகைக்குப் போனேன். இரண்டாவது திருப்பத்தில் 80 அடிக்குள் நின்றேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவன்று. தேர்வுக்கு இருவர் இருவராக அனுப்புவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கண்காணிக்கும் விமானி. என்னுடன் வந்தவர் என்னைவிட மிக நன்றாக ஓட்டினார். அவருடைய ஐஎல்எஸ் அணுகுமுறையில் இரண்டு ஊசிகளும் ஆணியடித்தாற்போல் நடுவிலேயே நின்றன. பிறகு என் முறை வந்தது. இறங்கு பாதையில் 1,200 அடி அளவில் நான் வேகத்தைத் திருத்துவதில் மூழ்கியிருந்தபோது, திசைக் காட்டி ஊசி ஒரு பக்கமாக நகரத் தொடங்கிப் பாதி அளவு வரை போய்விட்டது. அவர் கைகளை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நானே கண்டுபிடித்துத் திருத்தியபோது 1,000 அடி நெருங்கியிருந்தது.

முடிந்த பிறகு நடந்த விவாதத்தில், ஊசி நகர்ந்ததை எப்போது கவனித்தீர்கள் என்று தேர்வாளர் அவரிடம் கேட்டார். "ஆரம்பத்திலேயே கவனித்தேன், அவருடைய தேர்வில் நான் தலையிடக் கூடாது என்று நினைத்தேன்" என்று அவர் நேர்மையாகவே சொன்னார். நல்ல மனிதர், எனக்கு உதவி செய்யக் கூடாது என்று நினைத்தவர் அல்ல. ஆனால் அந்த அறையில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. எனக்கு வேலை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. காரணத்தை யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மேகத்திரை

கணினித் தேர்வும் குழுப் பயிற்சியும் எல்லா நிறுவனங்களிலும் இருப்பதில்லை. எனக்கு இரண்டும் இருந்தன. கணினித் தேர்வில் ஒரு கையால் குறியைப் பின்தொடர்ந்துகொண்டே, காதில் கேட்கும் எண்களை நினைவில் வைத்து, இடையிடையே கூட்டல் கழித்தலும் செய்ய வேண்டும். மூன்றையும் முழுமையாகச் செய்ய முடியாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. எதை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதே தேர்வு.

குழுப் பயிற்சியில் ஆறு பேருக்கு ஒரு சிக்கலைக் கொடுத்து இருபது நிமிடத்தில் ஒருமித்த முடிவுக்கு வரச் சொன்னார்கள். ஓயாமல் பேசிய இருவரும் வாயே திறக்காத ஒருவரும் அடுத்த சுற்றில் இல்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் எட்டு நிமிடம்தான் இருக்கிறது" என்று சொன்னவர் அடுத்த சுற்றில் இருந்தார்.

இடது இருக்கை

பல ஆண்டுகளாகக் கேப்டனாகப் பறக்கிறேன். சில ஆண்டுகள் தேர்வுக் குழுவிலும் அமர்ந்திருக்கிறேன். மேலே எழுதியவர்களுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். இணையத்தில் சுற்றும் வினா வங்கியை மனப்பாடம் செய்தால் போதும் என்று இளைஞர்கள் நம்புவதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

மனப்பாடம் செய்த விடையை நாங்கள் முதல் வாக்கியத்திலேயே அடையாளம் கண்டுகொள்வோம். "கடுமையான முரண்பாட்டை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டால், பத்துப் பேரில் பலர் ஒரே பயிற்சிப் பள்ளியின் ஒரே சண்டையைச் சொல்வார்கள். அப்போது நான் அந்தக் கதைக்குள் நுழைந்து, அன்று வானிலை எப்படி இருந்தது, அவர் அடுத்து என்ன சொன்னார், மறுநாள் இருவரும் பேசிக்கொண்டீர்களா என்று கேட்பேன். உண்மையில் நடந்ததென்றால் விடை தானாக வரும்.

நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முன்கூட்டித் தெரிந்தாலும் இதில் ஏமாற்ற முடியாது. "அணுகுமுறையின் குறைந்தபட்ச உயரத்துக்கு வந்துவிட்டீர்கள், ஓடுபாதை தெரியவில்லை, கேப்டன் தொடர்ந்து இறங்குகிறார். என்ன செய்வீர்கள்?" உடனடியாகக் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொள்வேன் என்பவர்களும் உண்டு, கேப்டனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்பவர்களும் உண்டு. முதல் வகையினரைப் பயிற்றுவிக்கலாம். இரண்டாம் வகையினருடன் இரவில், மழையில் பறக்க எனக்கு விருப்பமில்லை. விசாரித்தல், எச்சரித்தல், உறுதியாக எதிர்த்துச் சொல்லுதல், அதுவும் பலிக்காவிட்டால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுதல் என்ற படிகள் பாடத்தில் இருக்கின்றன. ஆனால் 200 அடியில் இந்த நான்கு படிகளுக்கும் நேரம் இல்லை. "கோ-அரவுண்ட்" என்ற ஒரு சொல்லை உரத்துச் சொல்வதற்கும், அதற்குப் பதில் வராவிட்டால் கையை நீட்டுவதற்கும்தான் நேரம் இருக்கிறது. விண்ணப்பதாரர் இதைத் தாமாகவே கவனித்துச் சொன்னால் என் கேள்விகள் பாதி முடிந்துவிடும்.

விபத்து ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்வதும் வழக்கம். டர்போபுராப் விமானத்துக்கு விண்ணப்பிப்பவர் இரண்டு விபத்துகளையாவது ஆழமாகப் படித்திருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. ஒன்று, 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே நடந்த கோல்கன் 3407 விமான விபத்து. வேகம் குறைந்து, கட்டுப்பாட்டுக் கம்பம் அதிர்ந்து எச்சரித்தபோது, கேப்டன் அதை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார். தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். மற்றொன்று, 2015 பிப்ரவரியில் தைபேயில் விழுந்த டிரான்ஸ்ஏஷியா 235 விமானம். அந்த ஏடிஆர் 72 புறப்பட்ட சிறிது நேரத்தில் வலது இயந்திரத்தின் புரொப்பல்லர் தானாகவே ஃபெதர் நிலைக்கு (இதழ்கள் காற்றின் போக்கில் திரும்பி, உந்துவிசை தராத நிலைக்கு) சென்றது; நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். 43 பேர் இறந்தார்கள். "விமானியின் தவறு" என்று சொல்லி முடிப்பவரிடம் நான் மேலே எதுவும் கேட்பதில்லை. "அந்த இருக்கையில் நான் இருந்தால் எந்த இயந்திரம் என்பதை மற்றவரிடம் உறுதிப்படுத்தாமல் நெம்புகோலைத் தொட மாட்டேன், அவசரத்தில் என் கையும் அப்படித்தான் பாய்ந்திருக்கக்கூடும்" என்று ஒரு பெண் விண்ணப்பதாரர் சொன்னது நினைவிருக்கிறது. அவர் இப்போது கேப்டன்.

பெரிய ஜெட் விமான நிறுவனத்துக்குப் போய்விடுவீர்களா என்றும் கேட்போம். போக மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். நாங்களும் அந்த வயதைக் கடந்து வந்தவர்கள்தாம். ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்கும் இந்த வேலையில் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று சொன்னால் போதும். ஒப்பந்தக் காலம், எந்த ஊரில் தங்க வேண்டியிருக்கும், பணி அட்டவணை எப்படி வரும் என்பவற்றை நீங்களே கேட்கலாம். கேட்பவரை யாரும் தவறாக நினைப்பதில்லை.

காத்திருப்புச் சுற்று

இடது இருக்கை அவர்களுக்கு ஒரு கேள்வி, ஐயா. கருவிப் பறப்புத் தரத்துக்கான (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கான) தேர்வில் நான் முதல் முறை தேறவில்லை. இரண்டாவது முறைதான் தேறினேன். விண்ணப்பப் படிவத்தில் இதைக் கேட்கவில்லை. நேர்காணலில் அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லலாமா, அல்லது நானே சொல்லிவிட வேண்டுமா? அடுத்த வாரம் நேர்காணல் இருக்கிறது.

இடது இருக்கை

லாக்புக்கில் அந்தத் தேர்வு இருக்கும். முதலில் அதைத்தான் திறப்பார்கள். எனவே கேட்பார்கள். எதனால் தேறவில்லை என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். தேர்வாளரைப் பற்றியோ, வானிலையைப் பற்றியோ, விமானத்தைப் பற்றியோ அந்த இரண்டு வாக்கியத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுதேர்வுக்கு முன் எதை மாற்றினீர்கள் என்பது மூன்றாவது வாக்கியம். அதன் பிறகு நிறுத்திக்கொண்டு, அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை பொறுத்திருங்கள். அந்த இடைவெளி நீண்டதாகத் தோன்றும், ஆனால் எதிரே இருப்பவர் எழுதிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

காத்திருப்புச் சுற்று

நன்றி ஐயா. காத்திருப்புச் சுற்றுக்குள் நுழையும் முறையைத் தவறாகக் கணித்தேன்; தவறு என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் தொடர்ந்தேன். மறுதேர்வுக்கு முன் ஒவ்வொரு நுழைவையும் சத்தமாகச் சொல்லிவிட்டே திரும்பப் பழகினேன். மூன்று வாக்கியம் ஆகிவிட்டது. இன்று இரவு லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்குகிறேன்.