ட்ராக்டரில் தொடங்கி: ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படித்த அனுபவங்கள்

சேரன்மகாதேவி வாய்க்கால்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் 'வேர்ச்சொல் பட்டியல்' என்று நூறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுப் பத்தாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பட்டியலில் தொடங்குவதுதான் கோளாறு. வாயில் ஏற்கெனவே புழங்குகிற சொல்லில் தொடங்க வேண்டும்.

பிசான நெல் பருவத்துக்கு உழவு ஓட்டுகிற ட்ராக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ட்ராக்ட்' என்பது லத்தீனில் இழுத்தல். தன் பக்கம் இழுத்தால் அட்ராக்ட். பல் டாக்டர் வெளியே இழுத்தால் எக்ஸ்ட்ராக்ட். கவனத்தை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனால் டிஸ்ட்ராக்ட். அடியிலிருந்து உருவினால் சப்ட்ராக்ட், அதாவது கழித்தல் கணக்கு. சொன்ன பேச்சைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் ரிட்ராக்ட். தொடை எலும்பு முறிந்தவர் காலில் எடை கட்டித் தொங்கவிடுகிறார்களே, அந்த ட்ராக்‌ஷனும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

கான்ட்ராக்ட் மட்டும் முரண்டு பிடிக்கும். 'சேர்த்து இழு' என்றால் சுருங்குதல் சரியாக வரும். இரண்டு தரப்பை இழுத்துக் கட்டுவதால் ஒப்பந்தம் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். மலேரியா தொற்றியதற்கும் 'கான்ட்ராக்டட் மலேரியா' என்கிறார்களே, அதைச் சொல்லைப் பிரித்துப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதலில் அகராதி, பிறகு பிரிப்பு. பிரிப்பது பொருளை மனசில் ஆணியடிக்க. பொருளை ஊகிக்க அதை நம்பினால் பத்துக்கு மூன்று இடத்திலாவது காலை வாரும்.

எங்கே கைகொடுத்தது, எங்கே வாரியது என்று மற்றவர்களும் எழுதுங்கள்.

பாளை இலக்கண டீச்சர்

நம் பிள்ளைகளுக்கு இது புதுசே இல்லை, புணர்ச்சி படித்தவர்கள்தானே. 'இல்லை' என்று பொருள் தரும் 'இன்' என்ற முன்னொட்டைப் பாருங்கள். பி, எம் எழுத்துகளுக்கு முன்னால் அது 'இம்' ஆகும்: இம்பாஸிபிள், இம்மெச்சூர். எல் வந்தால் இல்லீகல். ஆர் வந்தால் இர்ரெகுலர். தமிழில் ப-வுக்கு முன்னால் ம்தானே இன எழுத்து? கம்பு, வம்பு, அம்பு. உதடு மூடுகிற எழுத்து வரப்போகிறது என்று தெரிந்து மூக்கெழுத்து முன்கூட்டியே உதட்டை மூடிக்கொள்கிறது. இந்த ஒரு ஒப்புமையைச் சொன்னாலே எட்டாம் வகுப்புக்குப் புரிந்துவிடும். விதிப் பட்டியல் தேவையில்லை.

வாருகிற இடம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'இன்' இரண்டு. ஒன்று 'இல்லை', மற்றது 'உள்ளே'. இரண்டும் ஒரே மாதிரிதான் திரியும். தாமிரபரணிப் பாசனத்துக்குச் சொல்கிற இர்ரிகேஷனில் இருப்பது உள்ளே என்கிற 'இன்'. நிலத்துக்குள் நீர் பாய்ச்சுவது. இர்ரெகுலரில் இருப்பது இல்லை என்கிற 'இன்'. எழுத்தில் இரண்டிலும் இரட்டை ஆர்தான். நாற்கரச் சாலையில் போகிற டேங்கர் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். எரியாது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தால் கதை முடிந்தது. தீக்குள் போகக்கூடியது என்பதுதான் அங்கே பொருள். ஃப்ளேமபிள் என்றாலும் அதுவே; எதிர்ச்சொல் நான்-ஃப்ளேமபிள். இன்வேல்யுவபிள் இன்னொரு விதம். அதில் இருப்பது 'இல்லை'தான், ஆனால் இல்லாமல் போனது மதிப்பு அல்ல. மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று அர்த்தம்.

குற்றாலம் சீசன்

டீச்சர் சொன்ன திரிபு ஸ்பெல்லிங்குக்கும் உதவும். சீசன் நேரத்தில் இங்கே வந்து லாட்ஜ் போர்டுகளைப் பாருங்கள்: அக்காமடேஷனில் ஒரு சி குறையும், இல்லாவிட்டால் ஒரு எம் குறையும். சொல் 'அட்' கூட்டல் 'காம்' கூட்டல் 'மோட்'. சி-க்கு முன்னால் 'அட்' திரிந்து 'அக்' ஆகிறது, அதனால் டபுள் சி. 'காம்' முடிவில் ஒரு எம், 'மோட்' தொடக்கத்தில் ஒரு எம், அதனால் டபுள் எம். டிஸ்அப்பாயின்ட்டில் எஸ் ஒன்று, பி இரண்டு. டிஸ்ஸாட்டிஸ்ஃபைடில் ஒட்டும் இடத்தில் எஸ் இரண்டு. ஒட்டு எங்கே முடிகிறது, சொல் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும், எண்ணிக்கை தானாகச் சரியாகிவிடும்.

ஐகிரவுண்ட் சிஸ்டர்

நர்சிங் பிள்ளைகளுக்கு இது இல்லாமல் முதல் வருஷம் ஓடாது. சொல்லின் முடிவில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'ஈமியா' என்றால் ரத்தத்தில் இருக்கும் நிலை. 'எக்டமி' வெட்டி எடுப்பது, 'ஆட்டமி' வெட்டித் திறப்பது, 'ஆஸ்டமி' திறந்து ஒரு துவாரம் அமைப்பது. கடைசி மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே விழும். நோயாளிக்கோ, உறுப்பு போகிறதா இருக்கிறதா என்பதே அதில்தான். 'டம்' என்பது கிரேக்கத்தில் வெட்டு. 'ஆட்டம்' என்றால் வெட்ட முடியாதது. வெட்ட முடியாது என்று பேர் வைத்ததைப் பிளந்துதான் கூடங்குளத்தில் கரண்ட் எடுக்கிறார்கள்! பிளப்பதற்கு அவர்கள் சொல்கிற ஃபிஷனும் சர்ஜரி ஓ.பி.யில் வெடிப்புக்குச் சொல்கிற ஃபிஷரும் ஒரே வேர்.

தமிழில் எழுதிப் படிப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கான ஆன்ட்டிநேட்டல் செக்கப்பையும் ஆன்ட்டிபயாட்டிக்கையும் நம் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முன்னது 'டி'க்குப் பின் ஈ, பின்னது ஐ. ஈ என்றால் 'முன்', பிரசவத்துக்கு முன். ஐ என்றால் 'எதிர்'. ஆன்ட்டிநேட்டலை 'பிறப்புக்கு எதிரானது' என்று எழுதி வைக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. ஹைப்பர், ஹைப்போவும் அப்படித்தான்: மேலே, கீழே. அவசரக் கையெழுத்தில் கடைசி எழுத்துகள் கோழிக்கிறுக்கலாக இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை குறைகிற ஹைப்போகிளைசீமியாவுக்குக் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும், ஹைப்பருக்குக் கொடுத்தால் விபரீதம். சந்தேகம் வந்தால் படித்துப் பார்த்து ஊகிக்காமல் எழுதியவரிடம் கேட்பதுதான் முறை.

'பெட்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெடல், பெடஸ்ட்ரியன் லத்தீன், பாதம். பீடியாட்ரிக்ஸ் கிரேக்கம், குழந்தை. ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பதும் குழந்தைதான், கால் இல்லை. குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்துவது என்ற பொருளில் 1741-ல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பேர். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் ஏ-யும் ஈ-யும் சேர்ந்து வந்தால் அது குழந்தை என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஸ்பெல்லிங்கில் அந்த அடையாளமும் போய்விடும்.

வங்கித் தேர்வு, வண்ணாரப்பேட்டை

சேரன்மகாதேவி அண்ணாச்சி சொன்னதில் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஒரு வேரின் பிள்ளைகளை எல்லாம் ஒரே நாளில் படிக்கக் கூடாது. பொருட்காட்சித் திடலில் நடக்கிற எக்ஸிபிஷனை வைத்து எக்ஸிபிட், இன்ஹிபிட், ப்ரொஹிபிட் மூன்றையும் ஒரே மாலையில் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். 'ஹிபிட்' என்றால் பிடித்தல் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். எது வெளியே, எது உள்ளே, எது முன்னே என்பது மறுவாரம் கலங்கிப்போயிருக்கும். உருவமும் பொருளும் நெருங்கிய சொற்கள் ஒன்றையொன்று அழிக்கும். தெரிந்த சொல் ஒன்று, புதுசு ஒன்று, அதோடு நிறுத்த வேண்டும். அடுத்த தம்பி நான்கு நாள் கழித்து வரட்டும்.

வாரத்துக்கு 3 வேர், வேருக்கு 3 சொல். மொத்தம் 9, வருஷத்துக்கு 468. கேட்க அற்பமாக இருக்கும். நாளைக்கு 30 என்று தொடங்குகிறவர்கள் மூன்றாம் வாரம் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சேரன்மகாதேவி வாய்க்கால்

ஒத்துக்கொள்கிறேன். ட்ராக்ட் குடும்பத்தில் அட்ராக்ட், சப்ட்ராக்ட், எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் பள்ளியிலேயே பழகினவை, அதனால் சேர்த்துச் சொல்ல முடிந்தது. எல்லாமே புதுசாக இருக்கிற குடும்பத்துக்கு அது சரிவராது.

முக்கூடல் கார்டு

சொற்களை மனப்பாடம் செய்யக் கார்டு எழுதுகிற விதத்திலும் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஏ4 தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் எட்டு கார்டு. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதுவதுதான் வழக்கம். ப்ரிவென்ட், ப்ரொஹிபிட், அப்ஸ்ட்ரக்ட், ஹிண்டர், இன்ஹிபிட் ஐந்துக்கும் மறுபக்கத்தில் 'தடு' என்றே இருக்கும். அப்புறம் தேர்வில் நாலு விருப்பத்தில் மூன்று 'தடு'வாக வந்தால் என்ன செய்வது?

இங்கேதான் வரையறை வேண்டும். நடக்குமுன்னே நடக்கவிடாமல் செய்வது ப்ரிவென்ட். 'முன்னே வா' என்பதுதான் அதன் உறுப்புகள். சட்டம் போட்டு விலக்குவது ப்ரொஹிபிட். வழியில் குறுக்கே கிடப்பது அப்ஸ்ட்ரக்ட், 'எதிரே கட்டு'. இதற்குப் படிப்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி நல்லது. லாங்மேன் அகராதி 1978-ல் வந்தபோதே சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கங்களை எழுதியது. பெரிய அகராதியில் ஒரு கடினச் சொல்லுக்கு இரண்டு கடினச் சொல் கிடைக்கும், அந்த இரண்டையும் தேடிப் போனால் பொழுது விடிந்துவிடும். அகராதி வரியை அப்படியே காப்பியடிக்காமல் 12 சொல்லுக்குள் சொந்தமாக எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை.

முன்பக்கத்தில் சொல்லை எழுத வேண்டாம். சொல் விடுபட்ட வாக்கியத்தை எழுதுங்கள். 'ஹி டேஷ் மீ' என்று எழுதினால் அடித்தான், பார்த்தான், கூப்பிட்டான் எல்லாமே உட்காரும். 'எ ஃபாலன் பாமைரா ட்ரீ டேஷ் தி ரோடு டு திசையன்விளை, ஸோ தி பஸ் டர்ன்ட் பேக்' என்று எழுதி, டேஷுக்கு முன்னால் ஓ என்று முதல் எழுத்தை மட்டும் வைத்தால் அப்ஸ்ட்ரக்டட் தவிர வேறொன்றும் உட்காராது. பனை விழுந்து ரோட்டில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்கவும் மறக்காது. பின்பக்கம் சொல், கூட்டல் குறியோடு உறுப்புகள், வரையறை, கூட வருகிற துணைச்சொல். துணைச்சொல்லை விட்டுவிடாதீர்கள். ப்ரிவென்ட்டோடு ஃப்ரம் வரும், கன்சிஸ்டோடு ஆஃப் வரும். டிஸ்கஸோடு அபவுட் வராது. தமிழில் 'பற்றிப் பேசினோம்' என்று நினைத்துக்கொண்டு நாம்தான் ஒட்டிவிடுகிறோம்.

மறுநாள், 3-ம் நாள், 7-ம் நாள், 21-ம் நாள் பார்க்க வேண்டும். எதில் தவறினாலும் அந்தக் கார்டு மறுநாள் கட்டுக்குத் திரும்பும். பீடி சுற்றுகிற பிள்ளைகள் கை ஒழியாதவர்கள். அவர்களுக்கு ஒருத்தர் முன்பக்கத்தை வாசிக்க, மற்றவர்கள் சொல்லைச் சொன்னால் போதும், கார்டைத் தொடவே வேண்டாம்.

பாளை இலக்கண டீச்சர்

வாசிக்கும்போது அழுத்தத்தையும் கவனியுங்கள் தாயி. ஃபோட்டோகிராஃபில் முதல் அசை. ஃபொட்டாகிரஃபியில் இரண்டாவது. ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது. 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தின அசைக்கு வந்துவிடும். அரித்மெடிக், பாலிடிக்ஸ் மாதிரிச் சில அடங்காது. உறுப்பு அதேதான் இருக்கும், ஓசை மாறிவிடுவதால் படித்த சொல்லையே காதில் அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

உவரி மடி

எல்லாவற்றிலும் கிரேக்கத்தையும் லத்தீனையும் தேடுகிறவர்களுக்கு ஒன்று. கேட்டலாக், கேட்டராக்ட் இரண்டிலும் உள்ள 'கேட்டா' கிரேக்கம். 'கீழே' என்பது அதன் ஒரு பொருள். அதே கணக்கில் கேட்டமரானையும் 'கீழே'யில் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அது நம் கட்டுமரம்! கட்டிய மரம், அவ்வளவுதான். மூன்று உடல் வைத்த படகு வந்தபோது முன்பாதியை வெட்டிவிட்டு மூன்று என்கிற 'ட்ரை'யை ஒட்டி ட்ரைமரான் என்றார்கள். 'மரான்' என்று ஒரு உறுப்பு லத்தீனில் இருப்பதாக நினைத்து நறுக்கிவிட்டார்கள் போல. சுருட்டு ஷெரூட் ஆனதும், மிளகுத்தண்ணீர் மல்லிகடானி ஆனதும் இந்தக் கணக்குதான்.

வங்கித் தேர்வு, வண்ணாரப்பேட்டை

நாமும் அந்த வேலையைச் செய்தவர்கள்தானே. போஸ்ட்போனில் 'பின்னே வை' இருக்கிறது என்று பார்த்து ப்ரிபோனைப் புழக்கத்தில் விட்டோம். உறுப்புகள் கச்சிதமாகத்தான் பொருந்துகின்றன, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இந்திய ஆங்கிலம் என்று குறித்துச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பிழை கண்டுபிடிக்கிற கேள்வியில் ப்ரிபோன் வந்தால் அதையே பிழையாகக் குறிக்கலாம், அட்வான்ஸ்டு என்று மாற்றலாம்.