ஊரிலிருந்து வீட்டுச் சாமான்களை வரவழைப்போருக்கு: வால்டாக்ஸ் சாலை லாரி அலுவலகத்தில் கற்றவை

பிரிட்டனுக்குப் புதிதாகக் குடிவந்து, ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பூட்டி வைத்துவிட்டு வந்த வீட்டுச் சாமான்களைக் கப்பலில் வரவழைக்க எண்ணும் நண்பர்கள், எந்த ஏஜென்ட் குறைந்த விலை சொல்கிறார் என்பதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சென்னை வால்டாக்ஸ் சாலையில் ஒரு பார்சல் லாரி அலுவலகத்தில் புக்கிங் எழுத்தராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த விலை எதுவரைக்கும் என்பதை முதலில் கேளுங்கள்.

சவுக்கார்பேட்டைக் கடைகளிலிருந்து மீன்பாடி வண்டிகளில் மூட்டைகள் எங்களிடம் வந்து சேரும். எடை போட்டு, ஒவ்வொன்றிலும் மார்க்கா என்னும் அடையாளக் குறி எழுதி, பில்டி என்னும் சரக்கு ரசீது போட்டு முடித்தால், இரவில் மதுரைக்கும் கோவைக்கும் லாரி புறப்படும். பில்டியில் 'பெய்டு' என்றிருந்தால் அனுப்பியவர் வாடகையைக் கட்டிவிட்டார்; 'டு பே' என்றால் சரக்கை எடுப்பவர் கட்ட வேண்டும். ஆனால் 'பெய்டு' பில்டியோடு வந்தவர்களே கவுண்டரில் அதிகம் சண்டை போட்டார்கள். அவர்கள் கட்டியது குடோன் வரைக்கான வாடகை மட்டுமே. இறக்குகூலியும், காலம் கடந்து எடுத்தால் டெமரேஜும், வீடு வரை கொண்டுபோகும் வண்டிக் கூலியும் தனி என்பதை புக்கிங் செய்த அன்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு அது எப்போதும் வருத்தமாகவே இருந்தது.

கப்பல் சரக்கிலும் இதேதான் நடக்கிறது. ஒரு குடும்பத்தின் சாமான்களுக்கு முழு கண்டெய்னர் தேவைப்படாது என்பதால், பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் ஏற்றுவார்கள். கப்பல்காரர்கள் எல்.சி.எல். என்று சொல்வது, லாரிக்காரர்களான நாங்கள் பார்ட் லோடு என்று சொல்வதைத்தான். சென்னையில் சொல்லப்படும் மலிவான விலை பெரும்பாலும் இங்கே பிரிட்டனில் உள்ள துறைமுகத்தோடு நின்றுவிடும். துறைமுகக் கையாளும் கட்டணம், சுங்க வேலை, வீட்டில் இறக்கும் செலவு ஆகியவற்றை இங்குள்ள ஏஜென்ட் தனியாகக் கேட்பார். சரக்கு அவர் கையில் இருக்கும்போது பேரம் பேச உங்களுக்கு வழியே இருக்காது. ஆகவே 'வீட்டு வாசல் வரை, எல்லாக் கட்டணங்களும் உட்பட' என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விமானத்தில் அனுப்புவோர் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணையும் கூரியர்காரர்கள் கணக்கிட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்கே பணம் வாங்குவார்கள். 60, 50, 50 அளவுள்ள பெட்டியில் தலையணைகளை அடைத்து அது 8 கிலோதான் இருந்தாலும், 30 கிலோவுக்குக் கட்ட வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, பொருள்வாரியாக, உண்மையான மதிப்போடு எழுதுங்கள். தையல் இயந்திரத்தை அனுப்பிவிட்டுப் பில்டியில் 'துணி' என்று எழுதச் சொன்னவர்கள், அது உடைந்து வந்தபோது எதையும் கேட்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதிக மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத சரக்குக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு ஒரு வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதே நம் நாட்டின் 2007 ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் நிலை. கப்பல் நிறுவனங்களுக்கும் அப்படி வரம்பு உண்டு. தனியாக இன்சூரன்ஸ் எடுப்பது அவசியம்.

பிரிட்டனுக்குக் குடிபெயர்வோர், 12 மாதமாவது வெளிநாட்டில் வசித்து, 6 மாதமாவது தாம் பயன்படுத்திய பொருட்களுக்கு வரிவிலக்குக் கோரலாம். சரக்கு வந்து சேருமுன்பே அதற்கு விண்ணப்பித்து விடுங்கள். மரச்சட்டம் அடித்துக் கட்டுவதாக இருந்தால், வெப்பப் பதம் செய்யப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் சர்வதேச விதிமுறையின் முத்திரை பலகையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அம்மா ஆசையாகச் செய்து தரும் பால்கோவாவைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். பால் பொருட்களும் இறைச்சியும் இங்கே அனுமதிக்கப்படுவதில்லை.

பார்ட் லோடு பெட்டிகள் கண்டெய்னர் நிறையும் வரை காத்திருக்கும்; சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் இன்னும் ஊரிலிருந்து புறப்படவில்லை என்றால், சான்றிதழ்கள், குளிருடைகள், குழந்தையின் மருந்து, ஒரு சிறிய குக்கர் ஆகியவற்றை மட்டும் விமானத்தில் உங்களோடு எடுத்து வந்துவிடுங்கள்.