காக்சாவுக்கு ‘அடிக்கரணை’ என்று சொல்லலாமா? கும்பிடுபூச்சிப் படங்களை வைத்து ஒரு பரிந்துரை

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

பூச்சிக் கால்களின் பகுதிகளுக்கு நல்ல தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்து வருகிறேன். கும்பிடுபூச்சிப் படங்களைப் பார்த்து இனம் சொல்லும் வேலையில் இருப்பதால், எனக்கு ஒரு சொல் உடனே வேண்டியிருக்கிறது. காலின் முதல் துண்டுக்கு, அதாவது காக்சாவுக்கு.

போன மாதம் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஒன்றிலிருந்து பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கிளுவை வேலியில் பச்சைக் கும்பிடுபூச்சி, மேலிருந்து எடுத்தது. நல்ல வெளிச்சம், நல்ல படம். ஆனால் மேலிருந்து பார்த்தால் பச்சைக் கும்பிடுபூச்சிகள் பலவும் ஒன்றுபோலவே இருக்கும். நிறத்தையும் நம்ப முடியாது. ஒரே இனத்தில் பச்சையும் வரும், பழுப்பும் வரும். அதனால் “முன்னங்கால் மேல்தொடையின் உட்பக்கம் தெரிகிற மாதிரி இன்னொன்று எடு கண்ணு” என்று எழுதினேன்.

அரைமணி நேரத்தில் படம் வந்துவிட்டது. “முள்ளு எல்லாம் தெரியுதுங்களா அண்ணா?” என்று கேட்டிருந்தாள். உண்மையிலேயே ஒவ்வொரு முள்ளையும் எண்ணலாம். நுனி கறுத்து, ஒன்று நெட்டை ஒன்று குட்டை என்று வரிசையாக நின்றன. ஆனால் அது ஃபீமர், அதாவது தொடை. நான் கேட்டது அதற்கு மேலே, உடம்போடு ஒட்டிய துண்டு. அது படத்துக்கு வெளியே போய்விட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது பூச்சியும் வேலியில் இல்லை.

தப்பு அவளுடையது அல்ல. நான் கொடுத்த ‘மேல்தொடை’ என்ற சொல் அவளை அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கும். பெரும்பாலான பூச்சிகளில் காக்சா கண்ணில் படாத ஒரு கட்டை. கும்பிடுபூச்சியின் முன்னங்காலிலோ அது நீண்டு, மனிதனின் மேற்கை போலத் தொங்குகிறது. அதன் கீழே முள் வைத்த ஃபீமரும், பாக்குவெட்டி போல அதன்மேல் வந்து மடங்கும் டிபியாவும் (கணைக்கால்). தொடை என்ற சொல்லைக் கேட்டவர் முள் இருக்கும் தடித்த துண்டைத்தான் பார்ப்பார்.

இந்த இரண்டு துண்டும் மாறிப்போனால் இனமே மாறிவிடும். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட மாண்டிஸ் ரிலிஜியோசா என்ற கும்பிடுபூச்சிக்குக் காக்சாவின் உட்புறத்தில் ஒரு கரும்பொட்டு உண்டு. சிலவற்றில் பொட்டின் நடுவே வெள்ளை இருக்கும், மாட்டுக்கண் மாதிரி. ஸ்டாட்டிலியா மாக்குலாட்டா என்ற இன்னொரு கும்பிடுபூச்சியில் ஃபீமரின் உட்புறத்தில் கருந்திட்டு. “உள்ளே கறுப்பாக ஏதோ இருக்கிறது” என்று மட்டும் ஒருவர் எழுதினால் நான் எதைச் சொல்வது?

இனி, வந்திருக்கும் பரிந்துரைகள்.

> பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் காக்சா என்றே வைத்துக்கொள்ளலாமே?

தேர்வு எழுதுபவருக்குச் சரி. காட்டில் நின்று படம் எடுப்பவருக்கு அந்தச் சொல் எந்த இடத்தையும் காட்டாது.

> இலத்தீனில் காக்சா என்றால் இடுப்புதான். ‘இடுப்பு’ போதும்.

சேலத்து ஐயா மன்னிக்க வேண்டும். இடுப்பு என்றால் நம்மவர்கள் வயிறும் மார்பும் சேரும் இடத்தைத்தான் படம் எடுப்பார்கள். குளவி விஷயத்தில் அந்த இடத்தையே இடுப்பு என்று சொல்லி வருகிறோம்.

> தோள்?

கும்பிடுபூச்சிக்கு இது அழகாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் எனக்கும் இதில் மனம் நின்றது. ஆனால் காக்சா ஆறு காலிலும் உண்டு. வெட்டுக்கிளியின் பின்னங்காலில் தோள் என்று எப்படிச் சொல்வது?

> கணுக்காலி என்று ஏற்கெனவே இருக்கிறது. முதற்கணு, இரண்டாங்கணு என்று போகலாம்.

இதுதான் சரியான திசை. ஆனால் கரும்பு வைத்தவர்கள் இதைக் கேட்டால் உடனே மறுப்பார்கள். கணு என்பது மூட்டு. பரு இருக்கும் இடம், வேர் விடும் இடம். இரண்டு கணுவுக்கு நடுவிலே இருப்பது கணு ஆகாது. நமக்கு வேண்டியதோ துண்டு.

கரும்புக் காட்டிலேயே அந்தத் துண்டுக்குச் சொல் இருக்கிறது: கரணை. நடவுக்கு வெட்டி வைக்கும் துண்டை விதைக்கரணை என்கிறோம். ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை என்று நாற்றங்காலில் தினமும் புழங்கும் சொல். 1912 முதல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கரும்புப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நிலத்தை ஒட்டி இருப்பது அடிக்கரும்பு. அதே வழக்கில் உடம்பை ஒட்டி இருக்கும் கால்துண்டு அடிக்கரணை.

அடுத்துள்ள குட்டித் துண்டு, டிரோகாண்டர், சிறுகரணை. ஃபீமர் தொடைக்கரணை. டிபியா கணைக்கரணை. அதற்குக் கீழே ஐந்து துண்டுப் பாதம், அதைப் பாதம் என்றே விடலாம். தொடைக்கரணையின் பல்வரிசைக்குக் ‘கருக்கு’ என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். பனைமட்டைக் கருக்கில் கை கிழிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கரணைக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. கரணை என்றாலே வெட்டியது என்ற பொருள் ஒட்டிக்கொண்டு வருகிறது, பூச்சியின் கால் வெட்டுப்பட்டது அல்ல. கொத்தனார் கையிலும் ஒரு கரணை உண்டு. இரண்டாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இடம் பார்த்துப் பொருள் தெரிந்துவிடும். முதலாவதற்கு யாராவது இதைவிட நல்ல சொல் வைத்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

இடையில் கண்ணைப் பற்றியும் பேச்சு வந்தது. படத்தில் கும்பிடுபூச்சியின் கண்ணுக்குள் தெரியும் கரும்புள்ளி அடையாளம் அல்ல. நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் நம்மைப் பார்ப்பதுபோல நகரும். கூட்டுக்கண்ணில் கேமராவை நேராக நோக்கும் சிறுகண்கள் ஒளியை விழுங்கிக் கறுத்துத் தெரிகின்றன, அவ்வளவுதான். இந்தப் புள்ளிக்குப் ‘பொய்ப்பாவை’ என்ற சொல்லுக்கு என் வாக்கு. இரவில் முழுக்கண்ணும் கறுத்துவிடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரவுப் படத்தையும் பகல் படத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு இனம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

அடிக்கரணையைப் படம் பிடிக்கவும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். சீண்டினால் கும்பிடுபூச்சி எழுந்து முன்னங்கால்களை விரித்து மிரட்டும், உட்புறம் முழுதும் தெரியும். அதற்காகச் சீண்ட வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால், இரை தின்ற பிறகு பூனை மாதிரி சுத்தம் செய்துகொள்ளும். கருக்கின் ஒவ்வொரு முள்ளையும் வாயில் வைத்து இழுக்கும். அப்புறம் தொடைக்கரணையை வளைத்துக் கண்ணைத் துடைக்கும். அந்த நேரத்தில் அடிக்கரணை முன்னால் நீண்டு வரும். அப்போது எடுக்கலாம்.

இந்த மடலை எழுதுவதற்கு முன்பே காங்கேயத்துப் பெண்ணுக்குச் சொல்லை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். “அடிக்கரணையின் உட்பக்கம் வேண்டும், கரும்பில் அடிக்கரும்பு மாதிரி” என்று ஒரே வரி. விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே வேலியில் ஒன்றைப் பார்த்துப் படம் அனுப்பினாள். “அடிக்கரணையில பொட்டு இல்லைங்க அண்ணா. சிறகுல மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குது.”

முன்சிறகில் வெளிறிய புள்ளி, அடிக்கரணையில் பொட்டு இல்லை, அகன்ற உடம்பு. ஹீரோடூலா பேரினம் என்று பதில் எழுதினேன். எந்த இனம் என்று சொல்ல அடிக்கரணையின் விளிம்பு தெளிவாகத் தெரியும் படம் இன்னொன்று வேண்டும், கேட்டிருக்கிறேன்.

பவானி, கோபி பக்கம் கரும்பு வைத்திருக்கும் உறுப்பினர்கள் உங்கள் ஊரில் கரணையை வேறு எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து