பள்ளியில் முதலில் சொல்லவேண்டியது தண்டனையா, உதவிக்கான வழியா?

உட்லண்ட்ஸ் தாய்:
என் மகன் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். சென்ற வாரம் பள்ளியில் மின்சிகரெட், கேபாட் (போதைதரும் மருந்து கலந்த மின்சிகரெட் குப்பி) பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் தண்டனைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். "உன் நண்பன் புகைக்கிறான் என்று தெரிந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "யாரிடமும் சொல்லமாட்டேன், சொன்னால் அவனைப் பிடித்துவிடுவார்கள்" என்றான். நண்பனைக் காப்பாற்றுவதாக எண்ணி அவனைக் கைவிடும் பதில் இது. பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கவேண்டியது உதவி கேட்கும் வழியையே என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சகோதரி, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. 1977இல் ஹெராயினுக்கு எதிராக ஃபெரட் நடவடிக்கை தொடங்கியபோது நான் உயர்நிலை மாணவன். எங்கள் புளோக்கிலேயே இரண்டு அண்ணன்மார் உருக்குலைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த அலையை அடக்கியதில் கண்டிப்பான சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கேபாட்டில் கலக்கப்படும் எட்டோமிடேட் மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் மருந்து. அது 2025 செப்டம்பர் 1இல் 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. இதை அறிந்த பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, நண்பர்கள் நீட்டும்போது மறுக்க ஒரு காரணம் கையில் இருக்கும். "தண்டனை இல்லை, வந்து சொல்" என்று தொடங்கினால், ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்ற துணிச்சல் வராதா?

பள்ளி ஆலோசகர்:
அச்சமூட்டும் பாடம் மட்டுமே பழக்கத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை, ஐயா. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் காவல் அதிகாரிகளே வகுப்பெடுத்தார்கள். அதில் பயின்றவர்களுக்கும் பயிலாதவர்களுக்கும் பிற்காலப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று பல ஆய்வுகள் கண்டன. இங்கே மின்சிகரெட் பழக்கத்தைக் கைவிடத் தாமாக முன்வந்து உதவி கேட்போர்மீது தண்டனை நடவடிக்கை இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. தண்டனைகளை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இது தெரியாதிருப்பது வருந்தத்தக்கது. அதே நேரம், எல்லாவற்றையும் இரகசியமாக வைத்திருப்பேன் என்று எந்த மாணவருக்கும் நான் பொய் வாக்குறுதி தருவதில்லை. போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று கருதும் நோயாளியைப் பற்றி மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது இங்குள்ள விதி. இதை முன்கூட்டியே சொல்லி, மனநலக் கழகத்தில் 2008 முதல் போதைப் பழக்கத்துக்குத் தனிச் சேவை இயங்குவதையும், அங்கு நடப்பது சிகிச்சை என்பதையும் விளக்கினால் பெரும்பாலான பிள்ளைகள் பேசுகிறார்கள்.

இன்னொன்று: தமிழில் நாம் எளிதாகச் சொல்லிவிடும் 'அடிமை' என்ற சொல். மீளவே முடியாதவர் என்ற தீர்ப்பு அதற்குள் இருப்பதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் மேலே அதையே எழுதியிருக்கிறேன். வேறு சொல் நமக்கு வேண்டும்.

மீண்டவன்:
போதைக்காகப் பசை முகர்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1987இல் வந்தபோது எனக்கு வயது 14. சட்டம் எங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் முகர்ந்துகொண்டிருந்த நாங்கள் பதினோராவது மாடிப் படிக்கட்டுக்கு மாறினோம், அவ்வளவுதான். என் அம்மாவுக்கும் தெரியும். சட்டையில் வாடை வந்தது. யாரிடம் சொல்வது, சொன்னால் பிள்ளையை என்ன செய்வார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் வந்த பள்ளிக் கடிதத்தை அவரால் படிக்கவும் முடியவில்லை. பிள்ளைகளுக்கு நடத்தும் பாடத்தை, ஒரு மாலை வேளையில், பெற்றோருக்கும் தமிழில் நடத்துங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெற்றோருக்கான தமிழ் வகுப்பை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆயினும் மறுப்பதற்குச் சட்டம் துணைநிற்கும் என்ற நம்பிக்கையை நான் விடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஆலோசகரிடம் கொடுக்கலாம்.

உட்லண்ட்ஸ் தாய்:
பதினைந்து நிமிடம் போதாது, ஐயா. "உங்கள் நண்பர் புகைப்பது தெரிந்தால் யாரிடம் போவீர்கள்?" என்று கேட்டு, பிள்ளைகள் பதில் சொல்லி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். பாதி நேரமாவது கேளுங்கள் என்று நாளை படிவ ஆசிரியருக்கு எழுதப்போகிறேன்.