மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்தவர்களின் பெயர் ஏன் வெளியே வரவில்லை?

கோவை வெண்ணிலா:

'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' ஆவணப்படத்தை இப்போதுதான் பார்த்து முடித்தேன். 2002இல் வந்த படம், இயக்கம் பால் ஜஸ்ட்மன். டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு 1959லிருந்து 1972 வரை வாசித்துக் கொடுத்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவைப் பற்றியது. சுப்ரீம்ஸ், டெம்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று பாடியவர்களை எல்லாம் நன்றாகத் தெரியும், அப்பா வைத்திருந்த கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் இத்தனை பேருக்கும் பின்னால் உட்கார்ந்து வாசித்தது பெரும்பாலும் அதே சில ஆட்கள்தான் என்பது இந்தப் படத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

ஒரு இடத்தில் ரொம்பக் கலங்கிவிட்டேன். 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை வாசித்தவர் ராபர்ட் வைட். பல வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாட்டு வருகிறது, ஆர்டர் எடுக்க வந்தவரிடம் இது நான் வாசித்தது என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமலே விட்டுவிடுகிறார். கிழவன் ஏதோ உளறுகிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். 1994இல் இறந்துபோனார், இந்தப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனி வேண்டுமென்றேதான் இவர்களை மறைத்ததா, இல்லை அந்தக் காலத்து வழக்கமே அப்படியா? இன்றைக்கும் அந்தப் பாட்டுகள் உலகம் முழுக்க ஓடுகின்றனவே, அதிலிருந்து இவர்கள் குடும்பங்களுக்கு ஏதாவது போகிறதா? அப்புறம் இன்னொன்று, எல்லாரும் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரைக் கொண்டாடுகிறார்கள், என் காதில் அது தனியாக விழ மாட்டேன் என்கிறது. எந்தப் பாட்டில், எந்த இடத்தில் கேட்க வேண்டும்?

நாலுகம்பி:

கடைசிக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், நான் பேஸ் வாசிக்கிறவன்.

முதலில் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் அதில் பாதி காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு 'மை கேர்ள்' பாட்டிலேயே தொடங்கலாம். ஆரம்பத்தில் சில நொடி பேஸ் மட்டும்தான், அது ஜேமர்சன். அதன் மேல் ராபர்ட் வைட்டின் கிட்டார் ஏறி வரும். அந்த கிட்டாரை ஸ்வரமாகப் பாடிப் பாருங்கள், ஸ ரி க ப த ஸ, அப்படியே மோகனத்தின் ஆரோகணம். அடுத்த கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) போனதும் அதே ஏற்றம் மத்திமத்தை ஆதாரமாக வைத்துத் திரும்ப வரும். கிட்டாரிலிருந்து காதை மெதுவாகக் கீழே இறக்கினால் பேஸ் தானாகப் பிடிபடும்.

அது பழகிய பிறகு ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்', 1967. ஜேமர்சன் யார் என்று இதில் தெரியும். வழக்கமான பேஸ் என்றால் ஒவ்வொரு கார்டின் ஆதார ஸ்வரத்தையும் தாளத்தோடு தட்டிக்கொண்டு போவது. இவர் தாளத்துக்குச் சற்று முன்னால் விழுவார், சில இடத்தில் அடியை விட்டுவிடுவார், ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் இருக்கும் அரை ஸ்வரங்களையெல்லாம் தொட்டுவிட்டுப் போவார். லீவை ஸ்டப்ஸ் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பார், கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு இடத்தில்கூடப் பாடகருக்கு இடைஞ்சலாக இருக்காது.

இத்தனையும் வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால். முதலில் பெரிய ஸ்டாண்ட்-அப் பேஸ் வாசித்து வந்தவர், ஜாஸ் ஆள், அந்தப் பழக்கம் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் என்ற எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாருக்கு மாறிய பிறகும் போகவில்லை. தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகள் (மேல்சுற்று தட்டையாக, வழவழப்பாக இருப்பவை), அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். புதுக் கம்பியின் பளீர் ஓசை இல்லாமல் கட்டையான, உருண்ட ஓசை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆம்ப்ளிஃபையர் முன்னால் மைக் வைக்கும் வேலையும் அங்கே இல்லை. பேஸ், கிட்டார் எல்லாவற்றையும் நேராக ரெக்கார்டிங் கன்சோலில் சொருகிவிட்டு, எல்லாரும் ஒரே ஸ்பீக்கரில் கேட்டபடி வாசித்தார்கள்.

பிறகு 1971இன் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. மார்வின் கே ஜேமர்சனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தபோது அவர் நிறையக் குடித்திருந்தார், உட்காரக்கூட முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்பது பலரும் சொல்லும் கதை. அது எப்படியோ, வாசிப்பில் ஒரு இடம்கூடத் தடுமாறவில்லை.

பழைய ரெக்கார்டு:

முதல் கேள்விக்கு என் பதில், வழக்கமும் உண்டு, கணக்கும் உண்டு.

1960களில் ஜாஸ் இசைத்தட்டு உறையில் வாசித்தவர் பெயரெல்லாம் இருக்கும், பாப் உறையில் பாடகர் படம்தான். அது மோட்டவுன் மட்டும் செய்ததில்லை. ஆனால் மோட்டவுனைத் தொடங்கி நடத்திய பெர்ரி கோர்டிக்கு இன்னொரு கவலையும் இருந்தது, இந்த ஆட்களை வேறு லேபிள் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது. வெளியே வாசித்துப் பிடிபட்டால் அபராதம். அப்படியும் போனார்கள். ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' 1967இல் சிகாகோவில் பதிவானது, வாசித்ததில் இவர்களும் உண்டு. நாளெல்லாம் ஸ்டூடியோவில் வாசித்துவிட்டு ராத்திரி கிளப்பில் ஜாஸ் வாசித்தவர்கள் இவர்கள், கை சும்மா இருக்காது.

முழுக்க மறைத்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கீபோர்டு வாசித்து குழுவை நடத்திய ஏர்ல் வான் டைக் பெயரில் 1965இல் மோட்டவுனே ஒரு ஆல்பம் போட்டது. முக்கியமானவர்களுக்குப் பின்னாளில் வாரச் சம்பளமும் கொடுத்தார்கள், அந்த நகரத்தில் அது நல்ல சம்பளம். என் மனசு ஆறாதது 1972தான். கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்கு இடம் மாறியது, வழக்கம்போல வேலைக்கு வந்தவர்கள் இன்றைக்கு ரெக்கார்டிங் இல்லை என்று கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பதின்மூன்று வருஷம் அந்த ஓசையை உண்டாக்கியவர்களை ஒருவர் நேரில் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

மேற்கொண்டு தோண்ட விரும்பினால் ஆலன் ஸ்லட்ஸ்கி எழுதிய புத்தகம் இருக்கிறது, 1989, இதே தலைப்பு. ஜேமர்சனின் வாழ்க்கையும் பேஸ் நோட்டேஷனும் அதில் உண்டு. புத்தகம் வந்து படமாக வர 13 வருஷம் ஆனது. அதற்குள் ஏர்ல் வான் டைக், ராபர்ட் வைட் எல்லாரும் போய்விட்டார்கள். டிரம்மர் பென்னி பெஞ்சமின் 1969லேயே போனவர், ஜேமர்சன் 1983இல், 47 வயதில். படத்தில் வாசித்த டிரம்மர் பிஸ்டல் ஆலன்கூட அது திரைக்கு வரும் முன்பே இறந்தார்.

டொராண்டோ சிவா:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் தங்கச்சி, இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாட்டுக்கு இரண்டு உரிமை. வரியும் மெட்டும் எழுதியவருக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு இன்னொன்று. ஜேமர்சன் அந்த இடத்திலேயே யோசித்து வாசித்த பேஸ், ராபர்ட் வைட்டின் கிட்டார், இதெல்லாம் பாட்டையே தூக்கி நிறுத்தினாலும் சட்டத்தின் கண்ணில் எழுத்து ஆகாது. அன்றைக்கு வாசித்ததற்குக் கூலி, அதோடு கணக்கு முடிந்தது. அமெரிக்காவில் சாதாரண ரேடியோ ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்குக் காசு போகும், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இன்றுவரை ஒன்றும் கிடையாது.

இன்டர்நெட் ரேடியோ, சாட்டலைட் ரேடியோ வந்த பிறகு கொஞ்சம் மாறியது. அங்கே வசூலாகும் தொகையில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும், ஆளுக்குப் பாதி. சரி, அதாவது வருகிறதே என்று பார்த்தால், 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய பதிவுகள் கூட்டாட்சிக் காப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. ஃபங்க் பிரதர்ஸ் டெட்ராய்ட்டில் வாசித்தது கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் தேதிக்கு முன்னால்! 2018 அக்டோபரில் புதுச் சட்டம் வந்துதான் அந்த ஓட்டை அடைபட்டது. கிட்டாரிஸ்ட் எடி வில்லிஸ் அதே வருஷம் ஆகஸ்டில் இறந்தார்.

அதனால்தான் இவர்களுக்குக் கிராமி விருது, வாழ்நாள் சாதனையாளர் பட்டம் எல்லாம் கிடைத்தது என்று கேட்கும்போது என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. பெயரை மேடையில் சொல்வது ஒன்று, சட்டத்தில் எழுதுவது வேறு.

டெட்ராய்ட் எங்களுக்கு நாலு மணி நேரக் கார்ப் பயணம்தான். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648ஆம் எண் வீடு இப்போது மியூசியம். ஸ்டூடியோ ஏ உள்ளே போனபோது நான் அசந்துவிட்டேன், இவ்வளவு சின்ன அறையா! கூரையிலிருந்து வயர்கள் தொங்கியதால் பாம்புக் குழி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு டிரம்மர், மூன்று கிட்டார், பியானோ, ஜாக் ஆஷ்ஃபோர்டின் டாம்பரின், எடி பிரௌனின் காங்கா எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்திருக்கிறார்கள்.

மேகலா:

எல்லாரும் படத்தைப் புகழ்கிறீர்கள், எனக்கு ஒரு குறை இருக்கிறது. படத்தில் நிறைய நேரம் புதுப் பாடகர்களின் மேடைக் கச்சேரிக்குப் போய்விட்டது. ஜோன் ஆஸ்போர்ன், சாக்கா கான் எல்லாரும் நன்றாகத்தான் பாடுகிறார்கள், ஆனால் பாடகருக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றிய படத்திலும் கேமரா பாடகரிடமே போய் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜோ ஹண்டர் பியானோ முன்னால் உட்கார்ந்து பேசும் இடங்களை இன்னும் ஒரு மணி நேரம் காட்டியிருக்கலாம்.

நாலுகம்பி:

@மேகலா, உங்கள் குறை நியாயமானதுதான், ஆனால் அந்தக் கச்சேரி இல்லாவிட்டால் உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வாசித்த பதிவே நமக்குக் கிடைத்திருக்காது. யூரியல் ஜோன்ஸ், ஜோ மெசினா, பாப் பாபிட் யாருமே இப்போது இல்லை. கச்சேரிப் பகுதியை மறுபடி போட்டு, பாடகரை விட்டுவிட்டு டிரம்மர்களின் கைகளை மட்டும் பாருங்களேன்.

கோவை வெண்ணிலா:

எல்லாருக்கும் நன்றி. சிவா அண்ணா சொன்ன 1972 விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், அவர் நம்பவே இல்லை, இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. நாலுகம்பி சார், ஹெட்போனில் 'பெர்னடெட்' கேட்டேன், இப்போது பிடிபடுகிறது! கடைசியில் எல்லாம் ஒரு நொடி நின்று, அவர் மட்டும் பெயரைக் கத்துவாரே, அதற்குப் பிறகு பேஸ் உள்ளே நுழையும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்து இதேபோல ஸ்டூடியோவில் பின்னணி வாசித்த அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஊர் ஆட்களைக் கேட்கலாம் என்று இருக்கிறேன், டேவிட் ஹுட் பேஸ், ராஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸ். எந்தப் பாட்டில் தொடங்கலாம்?