மென்டர் கார்ஃபீல்ட் வீட்டில் பெற்றோர்களுக்குத் தமிழில் இருபது நிமிடம்: எந்தக் கதையைச் சொல்வது?

கேள்வி: ஏரிக்கரையான்

வணக்கம். கிளீவ்லாண்ட் பக்கம் இருக்கிறேன். எங்கள் வாசிப்புக் குழு அடுத்த மாதம் மென்டர் ஊரில் உள்ள ஜேம்ஸ் கார்ஃபீல்ட் தேசிய வரலாற்றுத் தலத்துக்குப் போகிறது. அமெரிக்க அதிபராக இருந்த கார்ஃபீல்டின் பண்ணை வீடு அது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் பலரும் வருகிறார்கள். வீட்டுக்குள் ரேஞ்சர் (தலத்தின் ஊழியர்) ஆங்கிலத்தில் விளக்குவார். அந்த வேகம் இவர்களுக்குப் பிடிபடாது. அதனால் உள்ளே போவதற்கு முன்னால் புல்வெளியில் உட்கார வைத்து இருபது நிமிடம் தமிழில் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தெரிந்ததை எழுதிப் பார்த்தேன். 1881 ஜூலை 2-இல் சுடப்பட்டார், செப்டம்பர் 19-இல் இறந்தார், டாக்டர்கள் கழுவாத விரலால் குண்டைத் தேடினார்கள், டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் குண்டு இருக்கும் இடத்தைக் கண்டறிய ஒரு கருவியோடு வந்தார். முழுக்க மரணச் செய்தியாகவே இருக்கிறது. அதிபர் பதவியில் இருந்ததே சுமார் 200 நாள்தான். வேறு என்ன சொல்லலாம்? ஒரு கையால் லத்தீனும் மறு கையால் கிரேக்கமும் ஒரே நேரத்தில் எழுதுவார் என்ற கதையில் தொடங்கலாமா?

பதில்: பழைய வழிகாட்டி

வேறொரு அதிபரின் வீட்டில் சில ஆண்டுகள் வாலண்டியராகச் சுற்றிக் காட்டியவள் நான். மென்டருக்குப் பார்வையாளராகப் போயிருக்கிறேன். என் கருத்தைச் சொல்கிறேன்.

கார்ஃபீல்ட் சுடப்பட்டது வாஷிங்டன் ரயில் நிலையத்தில். உயிர் பிரிந்தது நியூஜெர்சி கடற்கரையில், எல்பெரானில். இரண்டுமே மென்டரில் நடக்கவில்லை. அந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு வேறெங்கோ நடந்ததையே பேசினால், எதிரே இருக்கும் வராண்டாவை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த இடம் எதைப் பார்த்ததோ அதைச் சொல்லுங்கள்.

வராண்டாவிலேயே தொடங்குங்கள். 1880 ஜூனில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டுக்கு அவர் போனது ஜான் ஷெர்மன் என்பவரை முன்மொழிய. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் சுற்று மேல் சுற்றாக ஓட்டு நடந்து, 36-ஆவது சுற்றில் இவரையே வேட்பாளராக்கிவிட்டார்கள். அதிபர் வேட்பாளர் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது அந்தக் காலத்தில் கௌரவக் குறைச்சல். அதனால் இவர் வீட்டிலேயே இருந்தார், ஜனம் இவரைத் தேடி வந்தது. பண்ணையின் பின்புறம் ரயில் பாதை. சிறப்பு ரயில்கள் அங்கே நிற்க, இறங்கியவர்கள் பண்ணை வழியாக நடந்து வந்து வராண்டா முன்னால் கூடினார்கள். அந்த சில மாதங்களில் வந்தவர்கள் 15,000 பேருக்கு மேல். புல்வெளியில் டேரா போட்ட நிருபர்கள்தான் வீட்டுக்கு ‘லான்ஃபீல்ட்’ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் அப்பா அம்மாக்கள் உட்காரப்போவது அதே புல்வெளியில். இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அவர்களைச் சுற்றிப் பார்க்க விடுங்கள்.

அக்டோபரில் ஜெர்மன் வம்சாவளி மக்கள் வந்தபோது அவர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். ஆங்கிலம் அல்லாத மொழியில் ஓட்டுக் கேட்ட முதல் அதிபர் வேட்பாளர் என்று இவரைச் சொல்வார்கள். தாய்மொழியில் கேட்க வேண்டும் என்பதற்காகவே உங்களைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, இந்த விஷயம் அவர்களுக்குச் சட்டென்று மனதில் ஒட்டும்.

என்னைக் கேட்டால், இருபது நிமிடத்தில் ஐந்தை ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களுக்குக் கொடுப்பேன். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக் கறுப்பினப் பாடகர் குழு அது. அடிமைத்தளையில் பிறந்தவர்களும் அதில் இருந்தார்கள். 1880 செப்டம்பர் கடைசியில் இந்த வீட்டுக்கு வந்து பாடினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது 15 ஆண்டுதான். கார்ஃபீல்டே அந்தப் போரில் வடக்குப் படையில் தளபதியாக இருந்தவர். பாட்டு முடிந்ததும், உங்களை எதிர்த்து ஜெயிப்பதைவிட உங்களோடு நின்று தோற்பதே மேல் என்ற பொருளில் அவர்களிடம் பேசினார். நவம்பரில் நாடு முழுக்கச் சுமார் 90 லட்சம் ஓட்டு விழுந்தது. அதில் எதிர் வேட்பாளர் ஹான்காக்கைவிட இவர் அதிகம் பெற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. அந்த இழுபறியில் நின்றுகொண்டு அப்படிப் பேசியிருக்கிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் அவர் மனைவி லுக்ரீஷியா. கணவர் போனபோது 49 வயது, ஐந்து பிள்ளைகள். பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நிதி சுமார் 3,60,000 டாலர். 1885-86-இல் வீட்டோடு ஒரு நினைவு நூலகத்தைக் கட்டிச் சேர்த்தார். கணவரின் கடிதங்களும் காகிதங்களும் தீயில் போகாமல் இருக்க அதில் ஒரு காப்பறை. விக்டோரியா மகாராணி அனுப்பிய மலர்வளையம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. பின்னாளில் வந்த அதிபர் நூலகங்களுக்கெல்லாம் முன்னோடி இந்த அறை. ஆனால் அதைத் துக்க வீடாக மட்டும் காட்டாதீர்கள். 1888-இல் அங்கே ஒரே நாளில் இரண்டு கல்யாணம் நடந்தது. மூத்த மகன் ஹாரிக்கு ஒன்று. மகள் மோலிக்கும் ஜோசப் ஸ்டான்லி-பிரௌனுக்கும் இன்னொன்று. இந்த ஜோசப்தான் கார்ஃபீல்டின் அந்தரங்கச் செயலாளர். அவர் இறந்தபிறகு காகிதங்களை அடுக்கித் தொகுத்ததில் லுக்ரீஷியாவுக்குத் துணையாக இருந்ததும் இவரே.

லத்தீன்-கிரேக்கம் கதை வேண்டாம். அதை உறுதிசெய்ய ஆவணம் கிடையாது. அதைவிட நல்ல, உண்மையான ஒன்று இருக்கிறது. 1876-இல், பண்ணையை வாங்கிய அதே ஆண்டில், பிதாகரஸ் தேற்றத்துக்கு அவர் கண்ட புதிய நிரூபணம் ஒரு கல்வி இதழில் அச்சானது. ஒரே அளவில் இரண்டு செங்கோண முக்கோணம், நடுவில் ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணம், மூன்றும் சேர்ந்து ஒரு சரிவகம். பரப்பளவை இரண்டு விதமாகக் கணக்கிட்டால் முடிந்தது. அட்டையில் வரைந்து கையில் கொடுங்கள். கூட்டத்தில் கணக்கு வாத்தியார் ஒருவராவது இருப்பார், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

பதில்: மருந்துச்சீட்டு

அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் யாராவது சாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், பதில் கையில் இருக்கட்டும். நான் டாக்டர் என்பதால் ஒரு வேண்டுகோள்: அந்த டாக்டர்களை முட்டாள்கள் ஆக்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமி தடுப்பு முறை 1867-லேயே வெளிவந்துவிட்டது, அமெரிக்க மருத்துவர்களில் பலர் இன்னும் அதை நம்பவில்லை. குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் முடிவுகட்டியிருந்தார், பெல் தேடியதும் அந்தப் பக்கம்தான். பிரேதப் பரிசோதனையில் அது இடப்பக்கம் கிடைத்தது. கொன்றது குண்டைவிடக் காயத்தில் பரவிய தொற்று. இவ்வளவு போதும்.

பதில்: கோப்பு எண்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொலையைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டால், நாட்டில் அதனால் மாறியதும் சேர்ந்து போய்விடும். பாரிஸ் தூதரகப் பதவி தனக்குக் கிடைக்க வேண்டும் என்ற பிரமையில் இருந்தவன், அவரைச் சுட்ட கிட்டோ. கட்சிக்கு வேலை செய்தவனுக்கு அரசு வேலை என்பதே அன்றைய வழக்கம். இந்தக் கொலைக்குப் பிறகு எழுந்த கோபத்தில்தான் 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வு எழுதி வேலைக்கு வரும் முறை. முதலில் மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒரு பங்குக்குத்தான், பிறகு விரிந்தது. வரப்போகும் பெற்றோரில் அரசு உத்தியோகத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இதைச் சொல்லாமல் எப்படி?

பதில்: பழைய வழிகாட்டி

நியாயம்தான். அதற்கும் அந்த இடத்திலேயே வழி இருக்கிறது. தேர்தலில் ஜெயித்த பிறகு மென்டருக்கு வேலை கேட்டு வந்தவர்கள் ஏராளம். மனுவும் சிபாரிசுமாக வந்து அவரைப் படுத்தி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய கட்டடம், பிரசார அலுவலகம், தந்திக் கம்பி அங்கேதான் வந்தது. வெற்றிச் செய்தி வந்ததும் அங்கேதான். அதன் பக்கத்தில் நின்று, முதலில் கூட்டம் எதற்கு வந்தது, பிறகு எதற்கு வந்தது என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து கிட்டோவுக்கும் 1883-க்கும் போங்கள். இரண்டு நிமிடம் போதும். வாஷிங்டன் ரயில் நிலையத்தை விவரிக்கத் தேவையில்லை.

இன்னொன்று: இருபது நிமிடம் கொடுத்தால் பதினான்கில் முடியுங்கள். மீதி நேரம் அவர்கள் பேசட்டும். வயதானவர்களை நிற்க வைத்துப் பேசாதீர்கள்.

ஏரிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. வரிசையை மாற்றி எழுதிவிட்டேன்: வராண்டா, ஜெர்மன் பேச்சு, ஃபிஸ்க் பாடகர்கள், நூலகத்துக் கல்யாணம், கடைசியாகத் தந்தி அறைப் பக்கம் நின்று வேலை கேட்டு வந்தவர்களும் பெண்டில்டன் சட்டமும். தேதிகளில் 1880, 1881, 1883 மட்டும் வைத்துக்கொண்டேன். கட்டடங்களுக்கு இடையே எல்லோராலும் நடக்க முடியுமா, மடக்கு நாற்காலி கொண்டுவரலாமா என்று நாளைக்குத் தலத்துக்குப் போன் செய்து கேட்கிறேன். சரிவகம் வரைய அட்டை வாங்கியாகிவிட்டது.